கோட்டைக் குரங்கின் தலைக்குள்ளே

மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை உயிரியல் வழியில் ஆராய்ந்தவர்களுக்குப் பெரிதும் உதவிய விலங்குகளில் ஒன்று நாட்டுக் குரங்கு. மக்காக்கா ரேடியேட்டா என்பது இதன் அறிவியல் பெயர். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. உச்சந்தலை மயிர் நடுவிலிருந்து நாலாபுறமும் பிரிந்து படிந்திருப்பதால் குல்லாய்க் குரங்கு என்றும் சொல்வார்கள். விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக் கோட்டையில், ராஜகிரிக் குன்றின் படிகளிலும் கல்யாண மகாலைச் சுற்றியும் கூட்டமாகத் திரிவது இந்த இனம்தான். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சி. அதைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் மதில்களையும் களஞ்சியங்களையும் படமெடுத்துக்கொண்டு, குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் குரங்குகளின் தலைக்குள் நடப்பதும் நின்று பார்க்கத் தக்கதே.

ராஜகிரியில் ஏறுகிறவர்களுக்குப் பழகிப்போன ஒரு காட்சி. படியோரப் பாறையில் ஒரு பெண் குரங்கு, அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. கீழேயிருந்து ஒரு குடும்பம் ஏறி வருகிறது. பாலித்தீன் பை சரசரத்ததும் குரங்கின் தலை சட்டென்று திரும்புகிறது. பை வைத்திருப்பவரின் முகத்தை ஒருமுறை பார்க்கிறது, பையைப் பார்க்கிறது, மறுபடி முகத்தைப் பார்க்கிறது. அடுத்து ஒரே தாவல்; பிஸ்கட் பொட்டலம் அதன் கைக்குப் போய்விடுகிறது. எல்லாம் சில வினாடிகளில் முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட ஒரு செயலை விளக்க ஒரே விடை போதாது என்று 1963-ல் எழுதினார் நிகோ டின்பெர்கன். அந்தக் கணத்தில் உடலுக்குள் நடந்தது என்ன? குட்டிப் பருவத்திலிருந்து இந்தப் பழக்கம் எப்படி உருவானது? உயிர் பிழைப்பதற்கு இதனால் என்ன பயன்? மூதாதைகளிடமிருந்து பரிணாமத்தின் வழியே இது எப்படி வந்து சேர்ந்தது? நான்கையும் தனித்தனியே கேட்டு, நான்கு விடைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். விலங்கு நடத்தை ஆய்வுக்காக கான்ராட் லோரென்ஸ், கார்ல் ஃபான் ஃபிரிஷ் ஆகியோருடன் 1973-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அரை நூற்றாண்டு கடந்தும் இந்தத் துறை அந்த நான்கு கேள்விகளைச் சுற்றியே நகர்கிறது.

முதல் கேள்விக்கான விடை மூளையின் மின்துடிப்புகளில் இருக்கிறது. பையின் ஒலி செவிநரம்பு வழியாகவும், அதன் உருவம் விழித்திரையிலிருந்து தாலமஸ் வழியாகவும் மூளைப் புறணிக்குப் போகின்றன. பார்த்தது முகமா, வேறு பொருளா என்று பிரித்தறியும் வேலை காதுக்கு மேலுள்ள பொட்டுமடலில் நடக்கிறது. முகத்தைக் கண்டால் மட்டும் துடிக்கும் நரம்பணுக்கள் முதன்முதலில் கண்டறியப்பட்டது, நாட்டுக் குரங்கும் அடங்கிய மக்காக்கா பேரினக் குரங்குகளில்தான். பசி இருக்கிறதா என்பதை ஹைப்போதாலமஸ் சொல்கிறது. எதிரே நிற்பவர் ஆபத்தானவரா என்பதை எடைபோடுவதில் அமிக்டலாவுக்குப் பங்கு உண்டு. இவ்வளவும் கூடிய பிறகுதான் இயக்கப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்குக் கட்டளை இறங்கி விரல்கள் பையைப் பற்றுகின்றன.

ஆனால் பை சரசரப்பதற்கே குரங்கு ஏன் திரும்ப வேண்டும்? அந்த ஒலியைத் தின்ன முடியாதே. இதற்கு விடை தேடியவர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். மக்காக்கா குரங்குகளின் நடுமூளையில் நுண்ணிய மின்முனைகளைச் செலுத்தி, டோப்பமின் சுரக்கும் நரம்பணுக்களை அவர் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. சாற்றுக்கு முன்னால் ஒரு சமிக்ஞையைத் தொடர்ந்து காட்டிவந்ததும் துடிப்பு இடம் மாறியது: சமிக்ஞை வரும்போது துடித்தன, சாறு வரும்போது அமைதியாக இருந்தன. சமிக்ஞை வந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அடங்கியது. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அந்த அணுக்கள் குறிக்கின்றன என்று 1997-ல் அவரும் பீட்டர் தயான், ரீட் மான்டேக் ஆகியோரும் எழுதினார்கள். செஞ்சியின் பாலித்தீன் பை அந்தச் சமிக்ஞையின் இடத்தில் இருக்கிறது.

2003-ல் ஷுல்ட்ஸ் குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள். நிச்சயம் சாறு வரும், அல்லது நிச்சயம் வராது என்றால், சமிக்ஞைக்கும் முடிவுக்கும் இடையிலான நேரத்தில் இந்த அணுக்கள் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. வருமா வராதா என்று பாதிக்குப் பாதி ஐயம் இருக்கும்போதுதான் அந்த இடைவெளியில் துடிப்பு மெல்ல மெல்ல உயர்ந்து உச்சம் தொடுகிறது. நிச்சயமின்மைதான் கவனத்தை இழுத்துப் பிடித்து வைக்கிறது. பத்துப் பேரில் சிலர் மட்டும் தீனி போடும் படிக்கட்டில் குரங்குகள் நாள் முழுக்க மனிதர்களையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம்.

இத்தனையும் நடக்கும் மூளை மிகச் சிறியது. பிரேசில் நாட்டு விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ-ஹூசெல், மூளைத் திசுவை வேதிக் கரைசலில் கரைத்து, அதில் மிதக்கும் அணு உட்கருக்களை எண்ணும் முறையை உருவாக்கினார். அந்த முறையில் நாட்டுக் குரங்கின் மூளையில் ஏறத்தாழ 380 கோடி நரம்பணுக்கள் இருப்பது தெரிந்தது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி. எண்ணிக்கை வேறென்றாலும் உறுப்புகளின் அமைப்பும் இணைப்புகளும் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றே. இந்த ஒற்றுமைதான் குரங்கை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனது.

அந்த மூளைக்குள் இருப்பது பிறவிக் குணமா, பழக்கமா என்ற பழைய வழக்குக்கு நல்ல தீர்ப்பைத் தந்தது பாம்பு. ஆய்வுக்கூடத்தில் பிறந்து வளர்ந்த, நாட்டுக் குரங்கின் உறவினமான ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை என்று 1980-களில் அமெரிக்க உளவியலாளர் சூசன் மினெக்காவின் குழு கண்டது. காட்டில் பிறந்த குரங்கு ஒன்று பாம்பைக் கண்டு அலறுவதை அவற்றுக்குக் காட்டினார்கள். சில நிமிடங்களிலேயே அவையும் பயப்படக் கற்றுக்கொண்டன. மாதங்கள் கழிந்தும் அந்தப் பயம் போகவில்லை. அடுத்து, வீடியோவை வெட்டி ஒட்டி, குரங்கு பூவைக் கண்டு அலறுவதாகக் காட்டினார்கள். பூவுக்குப் பயப்பட ஒரு குரங்கும் கற்றுக்கொள்ளவில்லை. ஆக, பயம் கற்றுக்கொள்வதுதான்; ஆனால் எதற்குப் பயப்படக் கற்கலாம் என்பதில் மூளைக்கு முன்கூட்டியே ஒரு சாய்வு இருக்கிறது.

அந்தச் சாய்வு குடியிருக்கும் இடங்களில் ஒன்று 2013-ல் தெரியவந்தது. ஜப்பானின் தொயாமா பல்கலைக்கழகத்தில் ஹிசாவோ நிஷிஜோ குழுவினர், பாம்பையே பார்த்திராத ஜப்பானியக் குரங்குகளின் தாலமஸில் உள்ள புல்வினார் பகுதியைப் பதிவுசெய்தார்கள். முகம், கை போன்ற படங்களுக்குத் துடித்ததைவிடப் பாம்புப் படத்துக்கு அங்கிருந்த அணுக்கள் வேகமாகவும் வலுவாகவும் துடித்தன. நாட்டுக் குரங்கைப் பொறுத்தவரை, ரிச்சர்ட் காஸ், உமா ராமகிருஷ்ணன் ஆகியோர் தென்னிந்தியக் காடுகளில் நடத்திய சோதனைகள் முக்கியமானவை. மலைப்பாம்பு, சிறுத்தை உருவப் பொம்மைகளை மறைவிலிருந்து காட்டி, குரங்குகள் ஓடும் வேகத்தைப் படம்பிடித்தார்கள். சிறுத்தையை அடையாளம் காண உதவும் முக்கியத் துப்பு அதன் புள்ளித் தோல் என்பது அதில் தெளிவானது. ஆய்வுக்கூடக் கூண்டில் ஒருபோதும் கிடைத்திருக்காத அறிவு இது.

டின்பெர்கனின் இரண்டாவது கேள்வி, அதாவது வளர்ச்சி, நாட்டுக் குரங்கில் ஆழமாக ஆராயப்பட்டிருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் சார்ல்ஸ் காஃப்மன், லெனார்ட் ரோசன்புளும் இருவரும் 1960-களில் தாயைக் கூட்டத்திலிருந்து பிரித்து, குட்டிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். பன்றிவால் குரங்கின் குட்டிகள் முதலில் கதறின. பிறகு தலையைக் கவிழ்த்து, கூனிக் குறுகி, விளையாட்டை மறந்து கிடந்தன. நாட்டுக் குரங்குக் குட்டிகளுக்கு அந்த நிலை அவ்வளவாக வரவில்லை. கூட்டத்திலிருந்த மற்றப் பெண் குரங்குகள் அவற்றை அணைத்துக்கொண்டன. இந்த இனம் இயல்பாகவே ஒட்டி உட்காரும் இனம். ஆண் குரங்குகள்கூட ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொள்ளும். மக்காக்கா இனங்களில் இது பரவலாகக் காணக்கூடியதல்ல.

1984-ல் ரோசன்புளும், கெயில் பாலி இருவரும் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. தாய்க் குரங்குகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உணவு எளிதில் கிடைத்தது. இன்னொன்று மரச்சீவலுக்குள் புதைத்த உணவை எப்போதும் தோண்டித் தேட வேண்டியிருந்தது. மூன்றாவதற்குச் சில வாரம் எளிது, சில வாரம் கடினம் என்று மாறி மாறி வந்தது. எந்தத் தாயும் பட்டினி கிடக்கவில்லை. எப்போதும் உழைத்துத் தேடிய தாய்கள் சமாளித்துக்கொண்டன. அவற்றின் குட்டிகளும் ஓரளவு நன்றாகவே வளர்ந்தன. தடுமாறியது மூன்றாவது பிரிவு. அந்தத் தாய்களால் குட்டிகளை ஒழுங்காகக் கவனிக்க முடியவில்லை. குட்டிகள் மிரண்டு, தாயை விட்டு நகர அஞ்சின.

அதன் தடம் மூளையிலும் பதிந்திருந்தது. அழுத்தம் நேரும்போது ஹைப்போதாலமஸ் சிஆர்எஃப் என்ற பொருளைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் இரத்தத்தில் கலக்கிறது. ஜெரமி காப்லான் குழுவினர் 1996-ல், மூன்றாவது பிரிவின் குட்டிகள் வளர்ந்து பெரியவையான பிறகு, மூளைத் தண்டுவட நீரைச் சோதித்தார்கள். சிஆர்எஃப் அளவு மற்றவற்றைவிட உயர்ந்தே இருந்தது. தாய் பட்ட நிச்சயமின்மை, தீர்ந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், குட்டியின் மூளை வேதியியலில் தங்கிவிட்டது. குழந்தைப் பருவ அவதிக்கும் பிற்காலப் பதற்ற நோய்களுக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகம் இந்த முடிவைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டது. அதற்கான விலையைக் கூண்டில் இருந்த தாய்களும் குட்டிகளும் கொடுத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடங்களுக்கான ரீசஸ் குரங்குகளின் ஏற்றுமதியை இந்தியா 1978-ல் தடை செய்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் தாய்-சேய்ப் பிரிவுச் சோதனைக்கு எளிதில் ஒப்புதல் தராது, தரவும் கூடாது.

பேன் பார்ப்பதிலும் இதே வேதியியல் உண்டு, எதிர்த் திசையில். கேம்பிரிட்ஜில் பேரி கெவர்ன் குழுவினர் 1989-ல் ஆப்பிரிக்கத் தாலபாய்ன் குரங்குகளில் காட்டியபடி, பேன் பார்க்கப்பட்ட குரங்கின் மூளைத் தண்டுவட நீரில் பீட்டா எண்டார்ஃபின் கூடுகிறது. உடலே சுரக்கும் அபின் போன்ற பொருள் இது. கல்யாண மகாலின் நிழலில் கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் காட்டும் குரங்குக்குப் பேன் போவது மட்டும் லாபமல்ல.

மனிதரோடு வாழப் பழகிய நாட்டுக் குரங்கு புதிய நடத்தைகளையும் உண்டாக்கிக்கொள்கிறது. அத்வைத் தேஷ்பாண்டே, ஸ்ரீஜாதா குப்தா, அனிந்திய சின்ஹா ஆகியோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பந்திப்பூர்க் குரங்குகள் கையை நீட்டியும் 'கூ' என்று குரலெழுப்பியும் மனிதரிடம் உணவு கேட்பது பதிவாகியுள்ளது. மனிதர் தம் பக்கம் பார்க்கிறாரா என்பதைக் கவனித்தே அவை கேட்கின்றன. வேண்டுமென்றே செய்யும் தகவல் பரிமாற்றம் என்று ஆய்வாளர்கள் இதைக் கருதுகிறார்கள். ராஜகிரிக் குரங்கு பைக்கு முன் முகத்தைப் பார்ப்பதும் இந்த வகைக் கவனிப்பாக இருக்கலாம்.

இந்தப் பழக்கத்துக்குச் செலவும் இருக்கிறது. கேரளத்தின் தென்மலையில் நாட்டுக் குரங்குகளைத் தொடர்ந்து கவனித்த கிருஷ்ணன் பாலசுப்பிரமணியம் குழுவினர், மனிதரைக் கண்காணிப்பதில் அதிக நேரம் போக்கும் குரங்குகள் பேன் பார்ப்பதில் குறைந்த நேரமே செலவிடுகின்றன என்று 2020-ல் எழுதினார்கள். கூட்டத்தின் உறவைக் கட்டிக்காப்பதே அந்தப் பேன் பார்க்கும் நேரம்தான்.

செஞ்சியில் சனி, ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் தீனி மிகுந்த நாட்கள். இடைப்பட்ட நாட்களில் படிகள் வெறிச்சோடிக் கிடக்கும். புரூக்ளினின் மூன்றாவது பிரிவைப் போலவே இங்கும் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருகின்றன. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது: கூண்டுக் குரங்குக்கு வேறு போக்கில்லை, கோட்டைக் குரங்குக்கு ஆலும் அத்தியும் இலையும் பூச்சியும் மலை முழுக்க உண்டு. ஆனால் அளந்து பார்க்கக் கூடிய கேள்வி இது. குரங்கைப் பிடிக்கவோ ஊசி போடவோ தேவையில்லை, சாணம் போதும். கார்ட்டிசாலின் சிதைபொருள்கள் சாணத்தில் வெளியேறுகின்றன. எந்தக் குரங்கு போட்டது என்று பார்த்து, புதிதாக இருக்கும்போதே எடுத்து, குளிரில் உறையவைத்து, உலர்த்தி, ஆல்கஹாலில் கரைத்து, நொதி வழி நோயெதிர்ப்புச் சோதனையில் அளக்கிறார்கள். ஹைதராபாத்தில் சிசிஎம்பி நிறுவனத்தின் லாகோன்ஸ் ஆய்வகம் காட்டு யானைக்கும் புலிக்கும் இந்த முறையில்தான் அழுத்தம் அளக்கிறது. குடலைக் கடக்க நேரம் பிடிப்பதால், ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தெரிந்துகொள்ளத் திங்களன்றும் செவ்வாயன்றும் கிடைக்கும் சாணத்தைச் சேகரிக்க வேண்டும்.