வாசலில் தொங்கட்டும் கோணல் நட்சத்திரம்

டிசம்பர் பிறந்துவிட்டால் தோட்டத்து லயங்களில் எது கிறிஸ்துவர் வீடு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாசலில் நட்சத்திரம் தொங்கும். இப்பொழுது தொங்குபவை பெரும்பாலும் கடை நட்சத்திரங்களே. பட்டணத்தில் வாங்கி வந்து மாட்டி, விசையைத் தட்டினால் பளிச்சென்று எரிகின்றன. அழகுதான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பெற்றோர்களே, அந்த நட்சத்திரத்தில் உங்கள் பிள்ளைக்கு என்ன பங்கு? "தொடாதே, உடைஞ்சிடும்!" என்று ஏச்சு வாங்கியது மட்டும்தானே!

நான் முதலாம் ஆண்டு வகுப்பு எடுக்கும் ஆசிரியன். புதிதாக வரும் பிள்ளைகளின் கைகளைத்தான் முதலில் கவனிப்பேன். சிலருக்குக் கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியாது. சிலர் பென்சிலை மண்வெட்டிக் காம்பைப் பிடிப்பதுபோல் முழுக் கையால் இறுக்கிக்கொள்வார்கள். "தினமும் எழுத வைக்கிறோம் சார், எழுத்து திருந்த மாட்டேங்குது" என்று தாய்மார்கள் வருத்தப்படுவார்கள். எழுத வைப்பதற்கு முன் கிழிக்க வையுங்கள், பிசைய வையுங்கள், நூல் கட்ட வையுங்கள் என்பதே என் பதில். விரல்களின் சிறு தசைகள் வலுப்பட்டால்தான் பென்சில் சொன்னபடி கேட்கும். அதற்குக் கிறிஸ்துமஸ் வேலைகளைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

செலவை எண்ணிப் பயப்பட வேண்டாம். ஆண்டுக் கடைசி மழையில் பால் வெட்டும் நாட்கள் குறைந்து, கைக்கு வரும் சம்பளமும் குறைகிற காலம் இது என்பது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா! பழைய நாள்காட்டி, செய்தித்தாள், காலியான மைலோ டின், காலணி வாங்கிய அட்டைப்பெட்டி, ஒரு நூல்கண்டு. இவை இல்லாத வீடு உண்டா?

முதலில் பசை. மரவள்ளி மாவு ஒரு மேசைக்கரண்டி எடுத்து, அரைக் குவளை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கிண்டுங்கள். வெள்ளையாக இருந்தது கண்ணாடிபோல் மாறியதும் இறக்கிவிடலாம். ஆறிய பிறகே பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் பசையில் வேண்டவே வேண்டாம். கொஞ்சமாகக் காய்ச்சி, மிஞ்சியதை மறுநாளே கொட்டிவிடுங்கள்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற வேலை காகிதச் சங்கிலி. நாள்காட்டித் தாளை ஓர் அங்குல அகலம், ஆறு அங்குல நீளத்தில் நீங்கள் வெட்டிக் கொடுங்கள். ஒரு துண்டை வளைத்து ஒட்டி வளையமாக்கி, அதற்குள் அடுத்ததை நுழைத்து ஒட்டுவது பிள்ளையின் வேலை. சரியாக 24 வளையங்கள் செய்து டிசம்பர் முதல் தேதி மாட்டுங்கள். ஒவ்வோர் இரவும் ஒரு வளையத்தைக் கிழிக்கட்டும். கடைசி வளையம் கிழியும் இரவு, மறுநாள் கிறிஸ்துமஸ்! "இன்னும் எத்தனை நாள்?" என்று நச்சரிக்கும் பிள்ளை, தானே எண்ணிக்கொள்ளும். கழித்தல் கணக்கு இப்படித்தான் நுழைய வேண்டும்.

இனி நட்சத்திரம். ஈர்க்கு வேண்டும். வாசல் பெருக்கிய துடைப்பத்திலிருந்து உருவிவிடாதீர்கள்! புதுத் தென்னை ஓலையைச் சீவி எடுங்கள்; செம்பனை ஓலை ஈர்க்கும் உதவும். செம்பனை மட்டையின் அடியில் முள் இருப்பதால் ஓலையைக் கழிப்பது அப்பாவின் வேலை. தடித்த பக்கமாகப் பார்த்து, ஒரு சாண் நீளத்தில் ஐந்து ஈர்க்குகள் நறுக்குங்கள். ஒன்றின் நுனியோடு அடுத்ததன் நுனியை நூலால் தளர்வாகக் கட்டிக்கொண்டே போனால் ஐந்தும் ஒரே சங்கிலியாகிவிடும். பென்சிலை எடுக்காமல் ஒரே கோட்டில் நட்சத்திரம் போடுவோமே, அதைப்போல் தரையில் மடக்கி வைத்து, கடைசி நுனியை முதல் நுனியோடு சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே ஈர்க்குகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் முடிச்சுப் போட்டால் ஆடாமல் நிற்கும். பட்டக் காகிதத்தைப் பிள்ளை ஒட்டட்டும்.

பெரிதாக வேண்டுமானால், இரண்டடி நீள மூங்கில் பிளாச்சுகளில் இதே மாதிரி இரண்டு செய்து, முனைகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே வெட்டும் ஐந்து இடங்களிலும் நான்கு அங்குலக் குச்சிகளை முட்டுக்கொடுங்கள். வயிறு உப்பிய நட்சத்திரம் கிடைக்கும். என் அப்பா அப்படித்தான் செய்வார். உள்ளே மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றாதீர்கள். காகிதமும் பலகை வீடும் தீக்கு ஒரு வாய்தான். கைவிளக்கு போதும்.

ஒரு செய்தி. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில், மொராவியன் சபையார் நடத்திய பள்ளியில் 1830களில் பல முனை நட்சத்திரம் ஒன்றை மாணவர்கள் செய்தார்கள். எதற்குத் தெரியுமா? வடிவியல் பாடத்துக்காக! இன்று அந்த நட்சத்திரம் பல நாடுகளில் கிறிஸ்துமஸ் விளக்காகத் தொங்குகிறது. ஓர் ஆசிரியனாக எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

குடிலுக்கு வருவோம். 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில், அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார். நமக்குக் காலணிப் பெட்டி போதும். வைக்கோலுக்குப் பதில் காய்ந்த லாலான் புல். ஓடைக் களிமண்ணை உருட்டி இலவம்பஞ்சு ஒட்டினால் ஆடு. மண் கால்களின் மேல் ரப்பர் கொட்டை ஒன்றைப் பதித்தால் புள்ளி போட்ட மாடு! வழவழப்பான கொட்டையில் பசை ஒட்டாது, ஈர மண்ணில் அழுத்த வேண்டும். பச்சை ரப்பர் கொட்டையின் பருப்பு நஞ்சு. வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் அது வேண்டாம்.

இந்தக் குடில் விஷயத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் செய்த ஆட்டுக்கு ஐந்து கால்கள், கழுத்தே இல்லை. மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்களே என்று, அவள் தூங்கிய பிறகு அதைப் பிசைந்து ஒழுங்கான ஆடாக மாற்றிவிட்டேன். காலையில் குடிலின் முன் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "என் ஆடு எங்கேப்பா?" என்றாள். இதுதானே என்று காட்டினேன். "இது நீங்க செஞ்ச ஆடு" என்று எழுந்து போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அடுத்த ஆண்டு மண்ணைக் குழைத்து வைத்துக் கூப்பிட்டபோது, "நீங்களே செய்யுங்கப்பா, அழகா இருக்கும்" என்றாள். பயிற்சிக் கல்லூரியில் படித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று வெட்கப்பட்டேன்.

ஆகவே கை துறுதுறுக்கும்போது அடக்கிக்கொள்ளுங்கள். காகிதம் கோணலாக ஒட்டியிருந்தால் கோணலாகவே இருக்கட்டும். "இது என்ன?" என்று கேட்டால் பிள்ளைக்கு முகம் சுருங்கிவிடும். "இந்த ஆடு எங்கே போகுது?" என்று கேட்டுப் பாருங்கள், கதையே வரும்.

என் மகளைத் திரும்ப மண்ணில் கை வைக்கச் செய்தவன் பக்கத்து வீட்டுப் பையன். அவர்கள் வீட்டில் தீபாவளிதான் கொண்டாடுவார்கள். எங்கள் குடிலைப் பார்த்துவிட்டு அவனும் களிமண் கேட்டு வாங்கி உருட்டினான். அவன் செய்தது ஆடுமில்லை, ராஜாவுமில்லை. கையில் வாளி பிடித்த பால் வெட்டுக்காரர், அவனுடைய தாத்தாவாம். பெத்லகேமில் ரப்பர் மரம் ஏது என்று கேட்க என் வாய்வரை வந்தது. அதற்குள் என் மகள், "அவருக்குக் குளிருமே" என்று கொஞ்சம் பஞ்சை எடுத்து அவர் தோளில் ஒட்டினாள். அவர் இப்போதும் எங்கள் மைலோ டின்னில், செய்தித்தாளில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறார். டிசம்பரில் முதலில் வெளியே வருபவர் அவர்தான்.