மட்டாஞ்சேரியின் பழங்கட்டடங்கள்: ஒரே சுவரை இரு பருவங்களில் படமெடுப்பது ஏன் அவசியம்?

கொச்சி: கடந்த 2019 செப்டம்பரில் பெய்த கனமழையின்போது, மட்டாஞ்சேரியில் உள்ள கடவும்பாகம் யூதத் தொழுகைக் கூடத்தின் முன்பகுதி இடிந்து விழுந்தது. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கட்டடம், யூத மக்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின் வழிபாடின்றிக் கிடங்காகப் பயன்பட்டு வந்தது. அதன் உட்புற மரவேலைப்பாடுகள் 1990-களிலேயே எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டுவிட்டன. கொச்சியிலேயே நின்ற முகப்பு இடிவதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு, முன்னர் எடுக்கப்பட்ட புகைப்படங்கள் முக்கியச் சான்றுகளாகிவிட்டன.

சுற்றுலாப் பயணிகள் அழகுக்காக எடுக்கும் படங்களும் ஒருநாள் ஆவணமாகக் கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. ஆனால், எந்தப் பருவத்தில், எந்த வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே ஒரு படம் கட்டடத்தின் நிலையைச் சொல்லும்.

மழை காட்டுவதும் வெயில் காட்டுவதும்

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதியையொட்டித் தொடங்குகிறது. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சென்னையின் ஆண்டு மழையளவைப் போல இரு மடங்குக்கும் அதிகம். அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

இப்பகுதியின் பழைய சுவர்கள் பல, நுண்துளைகள் நிறைந்த செம்புறைக்கல்லால் கட்டப்பட்டுச் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டவை. இவை நீரை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை கொண்டவை. மழைக்காலத்தில் எடுக்கும் படத்தில், கூரை ஓடுகள் ஒழுகும் இடங்கள், சுவரின் அடியிலிருந்து ஏறும் ஈரம், பாசி, விரிசல்களில் முளைக்கும் அரச மரக் கன்றுகள் ஆகியவை தெளிவாகத் தெரியும்.

மழை ஓய்ந்த பிறகு வேறொரு பாதிப்பு வெளிப்படுகிறது. சுவரிலுள்ள நீர் ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த உப்பு மேற்பரப்பில் வெண்மையாகப் பூக்கிறது. காரையை உதிரச் செய்வதில் இந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஈரத்தின் பாதையை மழைக்காலப் படமும், அது விட்டுச்சென்ற சேதத்தைக் கோடைப் படமும் காட்டுவதால், ஒரே பருவத்தில் எடுத்த படம் பாதிச் செய்தியையே தருகிறது.

கதிரவனின் நிலை

கொச்சி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் உள்ளது. எனவே ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது செங்குத்தான சுவர்களில் ஒளி படுவதில்லை. செதுக்கு வேலைப்பாடுகள் தட்டையாகத் தெரியும்.

டிசம்பரில் நண்பகல் கதிரவன் தெற்கே சாய்ந்து சுமார் 57 பாகை உயரத்தில் நிற்பதால், தெற்கு நோக்கிய முகப்புகள் நல்ல வெளிச்சம் பெறுகின்றன. வடக்கு நோக்கிய சுவர்கள் நாள் முழுவதும் நிழலிலேயே இருக்கும். ஜூன் மாதத்தில் இந்நிலை தலைகீழாகிறது.

இந்தியத் திட்ட நேரம் கிழக்கே உள்ள தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், கொச்சியின் உண்மையான நண்பகல், பருவத்திற்கேற்பப் பிற்பகல் 12.10 முதல் 12.40 மணிக்குள் அமைகிறது.

மேகமூட்டம் படமெடுப்பதற்குத் தடையன்று. பரவலான மென்னொளியில் கடும் நிழல்கள் மறைவதால், யூதத் தெருவின் குறுகிய சந்துகளையும் பஜார் சாலையின் பழைய கிடங்குகளையும் நுணுக்கமாகப் பதிவு செய்ய முடிகிறது. நனைந்த ஓடுகளிலும் மரத்திலும் நிறம் ஆழமாகத் தெரியும்.

விதிமுறைகள்

போர்த்துகீசியரால் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டு, கொச்சி மன்னருக்கு அளிக்கப்பட்ட மட்டாஞ்சேரி அரண்மனை, டச்சுக்காரர்கள் பின்னர் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை எனவும் அழைக்கப்படுகிறது. இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறைப் பகுதி தவிர, தன் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னங்களில் படமெடுக்க அத்துறை 2018 ஜூலையில் அனுமதி அளித்தது. எனினும் அருங்காட்சியக அறைகளுக்குத் தனி விதிகள் இருக்கலாம் என்பதால், நுழைவாயில் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களுக்கு அருகே ஃபிளாஷ் ஒளியைத் தவிர்க்க வேண்டும்.

1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக் கூடம் இன்றும் வழிபாட்டுத் தலமாகும். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. உட்புறத்தைப் படமெடுக்கும் முன் அங்குள்ள பொறுப்பாளர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 1760-இல் எழுந்த அதன் மணிக்கூண்டைத் தெருவிலிருந்தே படமெடுக்கலாம்.

கடற்படையின் தெற்குக் கட்டளையகமும் ஐஎன்எஸ் கருடா விமானத் தளமும் அருகில் இருப்பதால், வான்பரப்பு அனுமதியைச் சரிபார்க்காமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

ஆவணமாகும் படம்

படம் பிற்காலத்தில் ஒப்பிடப் பயன்பட, சில எளிய நடைமுறைகள் போதும். மே மாதத்தில் ஒருமுறையும் அக்டோபரில் ஒருமுறையும், அதே இடத்தில் நின்று அதே ஜூம் அளவில் எடுக்க வேண்டும். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உள்நோக்கிச் சரிவதுபோல் தெரியும். சற்றுப் பின்னே சென்று, கைப்பேசித் திரையின் கட்டக் கோடுகளைக் கொண்டு நேராக்கிக்கொள்ளலாம். சேதமடைந்த பகுதிக்கு அருகே ஓர் அளவுகோலைக் காட்டி எடுத்தால் விரிசலின் வளர்ச்சியை அளக்க முடியும். நிறம் மாற்றப்படாத மூலக் கோப்பை, தேதியுடன் தனியே சேமிப்பதும் அவசியம்.

குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்தவுடன் லென்ஸில் நீர் படியும். கேமராவைப் பையிலேயே அரை மணி நேரம் வைத்திருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

கடவும்பாகம் முகப்பு இடிந்த அதே 2019-இல், பாரீஸின் நோத்ரு தாம் பேராலயம் தீக்கிரையானது. கலை வரலாற்றறிஞர் ஆண்ட்ரூ டாலன் முன்னரே லேசர் கருவியால் எடுத்து வைத்திருந்த துல்லிய அளவீடுகள் அதன் மறுசீரமைப்புக்கு உதவின. பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. மட்டாஞ்சேரியின் கிடங்குகளுக்கும் ஓட்டு வீடுகளுக்கும் அத்தகைய விலையுயர்ந்த பதிவுகள் எளிதில் வாய்ப்பதில்லை. அவற்றின் இன்றைய நிலையைத் தேதியோடு பதிவு செய்ய, அவ்வழியே செல்வோரின் கைப்பேசியே போதுமானது.