யாரும் படைக்காத உயிர்

உலகைக் கடவுள் படைத்தார் என்றால் உயிர்களையும் அவரே படைத்திருக்க வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். காவிரிப் படுகையின் கோயில்களும் மடங்களும் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவருவது வேறு. உலகம் தோன்றும், நிற்கும், ஒடுங்கும், மறுபடி தோன்றும். உயிரை மட்டும் யாரும் படைக்கவில்லை. கும்பகோணத்தின் தலபுராணத்தையே எடுத்துக்கொள்வோம். ஊழி வெள்ளம் வரப்போகிறது. அதன் பிறகு படைப்புத் தொழிலை எப்படித் தொடங்குவது என்று பிரம்மன் கலங்குகிறான். புண்ணியத் தலங்களின் மண்ணை அமுதத்தோடு பிசைந்து கும்பம் செய்து, படைப்புக்கான வித்துகளை அதில் வைக்கச் சொல்கிறார் சிவபெருமான். வெள்ளத்தில் மிதந்து தெற்கே வந்து தங்கிய கும்பத்தை வேடனாக வந்து அம்பெய்து உடைப்பவரும் அவரே. குடத்தின் வாய் விழுந்த இடம் குடவாசல். அமுதம் நனைத்த மணலில் உருவான லிங்கம் ஆதி கும்பேசுவரர். சீர்காழிக்குப் போனால் அங்கும் ஊழி வெள்ளம்தான். அறுபத்து நான்கு கலைகளையும் ஏற்றிக்கொண்டு உமையோடு தோணியில் வருகிறார் தோணியப்பர். இவற்றை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஊர்களிலும் ஒரே எண்ணம் இருப்பதைக் கவனிக்க வேண்டும்: வெள்ளத்துக்கு முன்பும் ஏதோ இருந்தது, வெள்ளத்தைக் கடந்தும் அது வந்தது. விவிலியத்தில் நோவாவின் பேழைக்கு முன்னால் முதல் படைப்பின் கதை ஒன்று உண்டு. கும்பகோணத்துக் கதையில் முதல் படைப்பு என்பதே கிடையாது. சூனியத்திலிருந்து எதுவும் அங்கே தொடங்குவதில்லை.

இந்த எண்ணத்தைத் தத்துவமாக நிறுத்தியவர் 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார். அவருடைய சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களும் சேர்ந்து 40 வரிகள்தான். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவம் முதலியோரின் நூல்களையும் சேர்த்துச் சைவ சித்தாந்த சாத்திரங்கள் 14. 16-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறையிலும் தருமபுரத்திலும் ஆதீனங்கள் எழுந்த பின், இந்த நூல்களைப் பாடம் கேட்கும் இடமாகக் காவிரிக்கரை ஆயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைத் தம்பிரானாக விளங்கிய சிவஞான முனிவர், மெய்கண்டாரின் நூலுக்கு மாபாடியம் என்ற பேருரையை எழுதினார். இவர்கள் அனைவரும் ஏற்றுக்கொண்ட அடிப்படை ஒன்று: பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், உயிரைப் பிணித்திருக்கும் கட்டு ஆகிய மூன்றும் தொடக்கமில்லாதவை.

உயிர் என்று ஒன்று இருப்பதற்கே என்ன சான்று என்று கேட்பவர்கள் இந்த மண்ணிலும் இருந்தார்கள். முதலாம் ராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரையைச் சார்ந்த பௌத்தர்கள் நிலையான ஆன்மா உண்டென்பதை ஏற்காதவர்கள். மெய்கண்டாரின் மூன்றாம் சூத்திரம் இப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் சேர்த்தே விடை சொல்கிறது. "இல்லை" என்று சொல்வதற்கே அப்படிச் சொல்லும் அறிவு ஒன்று இருக்க வேண்டும். "என் உடம்பு" என்கிறோம். உடைமையும் உடையவனும் ஒன்றாக முடியாது. கண் பார்த்ததைக் காது அறியாது, காது கேட்டதை மூக்கு அறியாது. ஐந்தையும் சேர்த்து அறிவது ஐந்தில் எதுவுமாக இருக்க முடியாது. ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, உடம்பு கிடக்கிறது, ஆனால் பசியும் தெரிவதில்லை, வேலையும் நடப்பதில்லை; ஆகவே மூச்சும் உயிரும் ஒன்றல்ல. எனக்கு இவற்றுள் மிக வலுவானதாகப் படுவது கடைசிக் காரணம்: உயிர் பிறர் உணர்த்தினால்தான் உணர்கிறது. எல்லாம் தானே அறியும் இறைவனும் அது இல்லை, எதையும் அறியாத சடமும் இல்லை. சார்ந்ததன் தன்மையை அடைவதே உயிரின் இயல்பு என்ற சித்தாந்தத்தின் மையக் கருத்து இங்கிருந்துதான் விரிகிறது. பெரியபுராணத்தின் திருமூலர் வரலாறு நடந்த சாத்தனூர், திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர். இறந்துபோன இடையன் மூலனைச் சுற்றி நின்று கதறிய பசுக்களுக்காக அவன் உடலில் ஒரு யோகியின் உயிர் புகுந்த கதையை, உடலும் உயிரும் வேறு என்பதற்கு இந்தப் பகுதி மக்கள் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்.

படைக்கப்படாத உயிருக்குப் படைப்பு எதற்கு? இங்கேதான் சித்தாந்தம் தன் அழகான பகுதிக்கு வருகிறது. உயிரோடு ஆணவம், கன்மம் (வினை), மாயை என்ற மூன்று மலங்களும் தொடக்கமில்லாமல் ஒட்டியிருப்பதற்கு அருணந்தி சிவாசாரியார் நெல்லைத்தான் உவமை காட்டுகிறார். உமியும் தவிடும் முளையும் என்றைக்கு நெல்லில் வந்து சேர்ந்தன என்று கேட்க முடியாது. நெல் என்று உண்டானபோதே அவையும் உண்டு. ஆனால் உமியைக் குத்தி நீக்க முடியும். ஆணவம் என்பது நாம் அன்றாடம் சொல்லும் திமிர் மட்டுமல்ல, உயிரின் அறிவை முற்றிலும் மூடிக்கிடக்கும் இருள். அந்த இருளில் தான் இருப்பதைக்கூட அறியாமல் கிடக்கும் உயிருக்குச் சிறிதேனும் அறிவு விளங்க வேண்டும் என்பதற்காகவே மாயையிலிருந்து உடம்பையும் கருவிகளையும் உலகையும் இறைவன் உண்டாக்கித் தருகிறான். மாயை இங்கே பொய்த்தோற்றம் இல்லை, உலகம் செய்யப்படும் மெய்யான மூலப்பொருள். பிறந்து பிறந்து களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதலாக வருவதே அழித்தல். தஞ்சை வட்டாரத்துச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் நடராசரைப் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே படிக்கலாம். உண்மை விளக்கம் என்ற சாத்திரம் சொல்கிறபடி துடி படைப்பு, அமைந்த கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய திருவடி அருளல். முதல் நான்கும் ஐந்தாவதற்காக நடப்பவை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று கடல் வழியே வந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் தமிழ் கற்று, இங்குள்ளவர்களிடம் சமயக் கேள்விகள் எழுப்பி, அவர்கள் எழுதிய விடைக் கடிதங்களை மொழிபெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பியவர். அவருடைய சமயத்தில் கடவுள் எல்லாவற்றையும் சூனியத்திலிருந்து படைத்தவர். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், உயிரும் மாயையும் கடவுளைப் போலவே தொடக்கமில்லாதவை என்பது கடவுளின் தலைமையைக் குறைப்பதாகத் தோன்றும். நியாயமான கேள்விதான். சித்தாந்தியின் விடை இது: உயிரை இறைவனே புதிதாகப் படைத்தான் என்றால், அதில் இருக்கும் குறையும் அவன் வைத்ததாகிவிடும். குறையை வைத்துவிட்டு அதற்காகத் தண்டிப்பவன் கருணையுடையவன் ஆகமாட்டான். ஏற்கெனவே நோயில் கிடக்கும் உயிரைக் கண்டு, தனக்கு ஒரு பயனும் இல்லாதபோதும் குணப்படுத்த முன்வருபவனே அருளாளன். படைத்தவன் என்ற பெருமையைவிட அருள்பவன் என்ற பெருமை பெரிது என்று சித்தாந்தம் தீர்மானித்துவிட்டது. அந்தத் தீர்மானம் சரி என்றே நான் நினைக்கிறேன்.

சைவ சித்தாந்தம் ஒன்றை வைத்து இந்து சமயம் முழுவதற்கும் பேசலாமா என்பது அடுத்த மறுப்பு. கும்பகோணத்திலேயே மற்ற மரபுகளும் உண்டு. அத்வைத மரபின் காஞ்சி சங்கர மடம் நெடுங்காலம் அங்கிருந்துதான் இயங்கியது. அவ்வூர்ச் சாரங்கபாணிப் பெருமாளைப் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டு, மற்றவற்றைத் தேடிப்போய்த்தான் நாலாயிர திவ்வியப் பிரபந்தம் முழுவதையும் மீட்டார் நாதமுனிகள் என்கிறது வைணவ மரபு. துவைத ஆசாரியர் விஜயீந்திர தீர்த்தரின் பிருந்தாவனமும் அதே ஊரில் இருக்கிறது. அத்வைதிக்கு உயிரே பிரம்மம். விசிஷ்டாத்வைதிக்கு உயிர் இறைவனின் உடல். துவைதிக்கு உயிர் என்றும் வேறானது. இவர்களுக்குள் நடந்த வாதங்கள் சாமானியமானவை அல்ல. ஆனாலும் உயிர் ஒரு நாளில் உண்டாக்கப்பட்டது என்று இவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. ஒரே ஊரில் சித்தாந்தியையும் சேர்த்து நான்கு தரப்பும் உடன்படும் இடம் அது.

கடைசி மறுப்புதான் என்னை மிகவும் உலுக்குகிறது. தொடக்கமில்லாத வினை என்ற கொள்கை, பிறர் துன்பத்தைப் பார்த்து "அவன் தலையெழுத்து" என்று நகர்ந்துபோக வழிவகுத்துவிட்டதே என்பது அது. இந்த டெல்டாவில் அந்தக் குற்றச்சாட்டை யாராலும் லேசாகத் தள்ளிவிட முடியாது. மடங்களும் கோயில்களும் பெரும் நிலம் வைத்திருந்த இதே பூமியில், நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் தலைமுறை தலைமுறையாக நிலமில்லாமல் இருந்தார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதற்கு முற்பிறவி வினையைக் காரணம் காட்டுவது அக்கிரமம். சித்தாந்தத்தின்படியும் அது பிழை. உயிரின் மூலநோய் வினையல்ல, ஆணவம். அது பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் ஒன்றுபோலவே உண்டு. சாதி உடம்போடு வந்து உடம்போடு போவது. உயிருக்கு அது இல்லை. உடம்பும் உலகமும் ஒவ்வோர் உயிரும் அறிவு பெறுவதற்காக அருளால் கொடுக்கப்பட்ட கருவிகள் என்றால், ஒருவனுடைய சோற்றையும் படிப்பையும் பறிப்பவன் அந்த அருளுக்கே குறுக்கே நிற்கிறான். வினைக் கொள்கை தன்னைத் தானே சோதித்துக்கொள்ளத் தரப்பட்டது, அடுத்தவனை எடைபோட அல்ல. ஆதனூர் நந்தனாரை அறுபத்துமூவரில் வைத்துக் கும்பிட்ட சமூகம், அவர் குலத்தாரைக் கோயில் வாசலிலேயே நிறுத்தியது. கொள்கை தெரியாததால் நடந்ததல்ல அது, தெரிந்தும் நடந்தது. ஆதீனங்களிலும் ஊர்க் கோயில்களிலும் இன்று சித்தாந்த வகுப்பு எடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வினையைப் பற்றிப் பாடம் தொடங்குமுன் ஆணவத்தைச் சொல்லிக் கொடுங்கள், அதுவும் எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள்.