மனம் மாறும்வரை புகார் எழுதாதீர்கள்

மகனோ மகளோ தன்பாலீர்ப்பைப் பற்றி வாய்திறந்த மறுநாளே பெற்றோர் ஓடும் இடங்கள் மாறுவதே இல்லை. மந்திரிப்பவர், மனநல மருத்துவர், கல்யாணத் தரகர், போலீஸ் ஸ்டேஷன். ஐந்தாறு வருடம் கழித்து அதே பெற்றோர் "அவசரப்பட்டுவிட்டோம்" என்று அழுகிறார்கள். அதற்குள் கல்யாணம் செய்துவைத்து, ஒன்றுமறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் வீணாகியிருக்கும்.

தன்பாலீர்ப்பு நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. குற்றமும் அல்ல. வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வதைத் தண்டிக்க முடியாது என்று 2018 செப்டம்பர் 6-இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெற்றோர் மனம் ஒரே நாளில் மாறாது, மாறவேண்டும் என்று கேட்பதும் நியாயமல்ல. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷே தன் புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் 2021 ஜூன் 7-இல் தன்பாலீர்ப்பு ஜோடியொன்றின் வழக்கில் உத்தரவு எழுதினார். வீட்டிலும் அது படிப்படியாகத்தான் நடக்கிறது. முதலில் ஜாதகத்தைத் தரகரிடம் கொடுப்பது நிற்கும். பிறகு பல மாதங்கள் பேச்சில்லாமல் போகும். அப்புறம் ஒருநாள் போனில், பெயரைச் சொல்லாமல், "கூட இருக்கிற பிள்ளைக்கு இப்போ காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்வி வரும்வரை உறவு அறுந்துபோகாமல் இருக்க வேண்டும். அதை முதலில் அறுப்பது 'காணவில்லை' என்ற புகார்தான்.

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் பெற்றோர் கொடுத்த அப்படிப்பட்ட புகார்களால் எழுந்த வழக்கில்தான் 2021 உத்தரவு வந்தது. இருவரும் வயதுவந்தவர்கள், விருப்பப்பட்டே சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் போலீஸ் புகாரை முடிக்க வேண்டும் என்கிறது அந்த உத்தரவு. ஆகவே பிள்ளைகளே, வயதுச் சான்றின் நகலோடு, "என் சொந்த விருப்பத்தில் வந்தேன், யாரும் கடத்தவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்ட வாக்குமூலத்தை வழக்கறிஞர் மூலம் ஸ்டேஷனில் கொடுங்கள். ரசீது வாங்காமல் விடாதீர்கள். விசாரணைக்குப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. அவர் தங்கியிருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வரவேண்டும். தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினரைத் துன்புறுத்தக்கூடாது என்று தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 2022-இல் 24-சி சேர்க்கப்பட்டது. இன்னமும் அதைக் கேள்விப்படாத அதிகாரிகள் இருக்கிறார்கள் என்பது வெட்கக்கேடு. விதியின் எண்ணை வாக்குமூலத்திலேயே எழுதுங்கள்.

வீட்டில் அடைத்துவைத்தால் துணையோ நண்பரோ உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். 2025 மே மாதம் அப்படியொரு மனுவில், எல்லாப் பெற்றோரும் லீலா சேத்தைப் போல இருப்பதில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் குறிப்பிட்டது. லீலா சேத் எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாய், நீதிபதியாக இருந்தவர், மகனுக்காக வெளிப்படையாக எழுதியவர். ஆனால் அடைத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை, அவர் தாயின் வேதனை புரிகிறது என்பதற்காக நீதிமன்றம் பெற்றோரிடம் ஒப்படைக்கவில்லை. அவர் விரும்பியபடி போக விட்டது. இத்தகைய வழக்குகளில், ஈர்ப்பை மாற்றுவதற்காகக் கவுன்சலிங்குக்கு அனுப்பக்கூடாது என்று உச்சநீதிமன்றமும் 2024-இல் கீழ் நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அடித்து மிரட்டப்படும் மகள், குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். இலவச வழக்கறிஞருக்கு 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

'மாற்றிக் காட்டுகிறேன்' என்னும் மருத்துவரைத் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்தச் சிகிச்சை தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. மருந்துச் சீட்டு, பில், வாட்ஸ்அப் செய்தி எதையும் தூக்கி எறியாமல் தேதி குறித்து வையுங்கள். அவற்றின் நகல்களோடு, நடந்ததை வரிசையாக எழுதி, சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். சம்மதமில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம்.

பெற்றோருக்கு மறுபடியும் சொல்கிறேன்: கல்யாணம் மருந்தல்ல, செய்துவைக்காதீர்கள். கோபத்தில் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தால், நாளைக் காலையே ஸ்டேஷனுக்குப் போய், "பிள்ளை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, மேல்நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள். புகாரை முடித்ததற்கான நகலை வாங்கிப் பிள்ளைக்கே அனுப்பிவையுங்கள்.