மூச்சு ஒன்றே மூலதனம்

குளிர்கடலில் ஈட்டியோடு இறங்கும் மீன்வேட்டை இளைஞர்களை ஈர்க்கிறது. ஆழத்துக்கு நுரையீரலை விலையாகக் கொடுத்த கோலார் தங்கவயலுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3.2 கிலோமீட்டர். தங்கவயல்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு இது. அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே ஷிஃப்ட் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். போகிற வழியில் அவர்கள் கைபேசியில் பார்க்கும் காட்சிகளில் இப்போது வேறோர் ஆழம் வருகிறது. நார்வே, கலிஃபோர்னியா, நியூசிலாந்து என்று ஏதாவதொரு குளிர்ந்த கடற்கரை. கறுப்பு ரப்பர் உடையில் ஒருவர். கையில் ஈட்டித் துப்பாக்கி, முதுகில் காற்று உருளை கிடையாது. பச்சைத் தண்ணீருக்குள் தலைகீழாக மறைகிறவர், சிறிது நேரம் கழித்துப் பெரிய மீனோடு மேலே வருகிறார்.

பத்து, இருபது மீட்டர் ஆழம்தான். எங்கள் சுரங்கத்துக்கு முன்னால் அது வீட்டு வாசற்படி. ஆனால், மூன்று கிலோமீட்டருக்குக் கீழே நின்ற தொழிலாளிக்கும் மேலிருந்து காற்று அனுப்பினார்கள். பத்து மீட்டரில் மீனுக்குக் காத்திருப்பவருக்கு யாரும் அனுப்புவதில்லை. மேலே இழுத்த ஒரு மூச்சுதான் அவருடைய முதலும் கையிருப்பும். அதனால் இங்கே மீனைவிட அந்த மூச்சைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

குளிர் செய்யும் வேலை

காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகத்தில் தண்ணீர் உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். வட கலிஃபோர்னியாவின் கரையோரக் கடல் ஆண்டின் பெரும்பகுதி 10 முதல் 15 டிகிரிக்குள் இருக்கிறது. வெறும் உடம்போடு அதில் குதித்தால் முதல் நொடியிலேயே வாய் தானாகத் திறந்து மூச்சு திணறும். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். துப்பாக்கியின் விசையை இழுக்கவோ இடுப்புப் பட்டையை அவிழ்க்கவோ கை ஒத்துழைக்காது.

இந்தக் கடல்களை வேட்டைக்குத் திறந்துவிட்டது நியோப்ரீன் ரப்பர் உடை. 1950-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் அதை வடிவமைத்தார். ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழ்கள் உடல் சூட்டைக் காக்கின்றன. குளிர்கடல் வேட்டைக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள உடை சாதாரணம்.

அதே குமிழ்கள் ஆளை மிதக்கவும் வைக்கும். கீழே போவதற்காக இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொள்கிறார்கள். ஆழம் கூடக் கூட அழுத்தத்தில் குமிழ்கள் நசுங்குகின்றன, உடை மெலிகிறது, குளிர் ஏறுகிறது, மிதப்பும் போய்விடுகிறது. மேற்பரப்பில் மிதந்தவர் ஓர் ஆழத்துக்குப் பிறகு தானாகவே மூழ்கத் தொடங்குவார். மூச்சு மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில், மேலே வருவதற்கு அவர் மிக அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். போதாததற்கு, குளிரில் ரத்தம் கைகால்களை விட்டு நடு உடம்புக்கு ஒதுங்கும். உடலில் நீர் மிகுந்துவிட்டது போலச் சிறுநீரகம் அதை வெளியேற்றும். மணிக்கணக்கில் கடலில் கிடப்பவர் தாகம் தெரியாமலே வறண்டுபோகிறார்.

வேட்டையின் நுட்பம் காத்திருப்பதில் இருக்கிறது. துரத்தினால் மீன் சிக்காது. பாறை இடுக்கிலோ கெல்ப் என்னும் பெரும்பாசிக் காட்டுக்குள்ளோ அசையாமல் படுத்திருந்தால், என்னவென்று பார்க்க மீனே நெருங்கி வரும். விநாடிகள் அங்கேதான் கரைகின்றன. மீன் குறிக்கு வரும் நேரமும் மேலே கிளம்ப வேண்டிய நேரமும் பல முறை ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

சொல்லாமல் வரும் மயக்கம்

மூச்சை அடக்கியிருக்கும்போது நெஞ்சு முட்டுவதற்குக் காரணம் ஆக்சிஜன் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம், உடலில் கார்பன் டை ஆக்சைடு கூடுவது. இறங்குவதற்கு முன்பு வேகவேகமாக மூச்சிழுத்து விடுபவர்கள் இந்தக் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிவிடுகிறார்கள். ஆக்சிஜன் இருப்பு அதனால் பெரிதாகக் கூடிவிடாது. மேலே வா என்று உடல் கொடுக்கும் எச்சரிக்கை மட்டும் தாமதமாகும்.

அழுத்தத்தின் கணக்கு அடுத்தது. கடல்மட்டத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம். 10 மீட்டரில் அது இரண்டு, 20 மீட்டரில் மூன்று. ஆழத்தில் நுரையீரல் நெருக்கப்பட்டிருக்கும்போது மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருக்கும். மூளை தெளிவாகவே இருக்கும். மேலே வரும்போது, கடைசிப் பத்து மீட்டரில் அழுத்தம் பாதியாகிறது. கூடவே ஆக்சிஜனின் அழுத்தமும் சரிகிறது. அதனால்தான் மயக்கம் பெரும்பாலும் ஆழத்தில் வராமல், மேற்பரப்புக்கு அருகிலோ மேலே வந்து முதல் மூச்சு இழுத்த பிறகோ வருகிறது. வலி கிடையாது. பதற்றமும் இருக்காது. பயந்தவர் முன்பே மேலே வந்துவிடுவார். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மன உறுதி மிக்கவரும்தான் இதில் மாட்டுகிறார்கள்.

இதற்கு உலகெங்கும் சொல்லித்தரப்படும் காப்பு ஒன்றே. ஒருவர் கீழே போனால் இன்னொருவர் மேலே இருந்து பார்க்க வேண்டும். மேலே வந்த பிறகும் அரை நிமிடம் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. மயங்கியவரின் முகத்தை உடனே தண்ணீருக்கு மேல் தூக்கி, முகமூடியைக் கழற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் சில விநாடிகளில் மூச்சு திரும்பிவிடும். தனியாக இருந்தால் அதே மயக்கம் மரணம். கைபேசிக் காட்சிகளில் மீன் தெரிகிறது, ஈட்டி தெரிகிறது. அந்த இரண்டாவது ஆளைத்தான் காண முடிவதில்லை. எனக்குப் பயமே அதில்தான்.

ஜேஜு பெண்களின் ஒழுங்கு

குளிர்கடலில் மூச்சடக்கி வாழ்ந்து காட்டியவர்கள் தென்கொரியாவின் ஜேஜு தீவிலுள்ள ஹேன்யோ பெண்கள். 1970-களில் ரப்பர் உடை வரும்வரை பருத்தி உடுப்போடு குளிர்காலக் கடலில் இறங்கினார்கள். சிப்பி, நத்தை, பாசி சேகரிப்பதுதான் முக்கிய வேலை. மீன் குத்தச் சிறு ஈட்டியும் வைத்திருப்பார்கள். 1960-களில் அவர்களை ஆராய்ந்த உடலியலாளர் சுக் கி ஹாங், குளிர்காலத்தில் அவர்கள் உடலில் சூடு உற்பத்தியாகும் வேகம் மற்றவர்களைவிடக் கூடுவதைக் கண்டார். ரப்பர் உடை பழகிய பிறகு அந்தத் தனித்தன்மை மறைந்துபோனதையும் பின்னாளில் பதிவு செய்தார்கள்.

2016-ல் யுனெஸ்கோ அவர்களுடைய பண்பாட்டை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபில் என்னைக் கவர்ந்தது அவர்களுடைய ஒழுங்கு. கூட்டமாகத்தான் கடலுக்குப் போவார்கள். திறமைக்கேற்பத் தரம் பிரித்து, எவர் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை மூத்தவர்கள் முடிவு செய்வார்கள். மூச்சு முடியும் தறுவாயில் கண்ணில் படும் இன்னொரு சிப்பிக்கு ஆசைப்படாதே என்பது அவர்கள் சொல்லித்தரும் முதல் பாடம். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இன்று அறுபதைக் கடந்தவர்கள். குளிரையும் ஆழத்தையும் வென்று அவர்களை முதுமைவரை கொண்டுவந்ததில் உடல் வலிமைக்கு இருக்கும் பங்கு இந்தக் கட்டுப்பாட்டுக்கும் உண்டு.

நம் கடலில்

நம் கடலில் அந்தக் குளிர் இல்லை. மூச்சடக்கும் மரபு இருக்கிறது. மீனைக் குத்தும் எறியுளி சங்கப் பாடல்களிலேயே வருகிறது. தென்கடற்கரையில் மண்டா என்ற ஈட்டி பெரிய மீன்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி முத்துக்குளித்தார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. சங்கு குளிப்பது இன்றும் நடக்கிறது. திரேஸ்புரத்திலும் கீழக்கரைப் பக்கத்திலும் அதை நம்பியிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் எடுக்கும் சங்கு வங்காளத்துப் பெண்களின் கைகளில் வளையலாகிறது.

இங்கே மூச்சின் இடத்தைப் பல படகுகளில் கம்ப்ரஸர் பிடித்துக்கொண்டது. படகிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு நீண்ட நேரம் அடியில் நிற்க முடிகிறது. அதோடு ஆபத்தும் மாறிவிட்டது. இன்ஜின் புகை அந்தக் காற்றில் கலந்தால் விஷம். ஆழத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டி, மூட்டு வலியிலிருந்து முடக்குவாதம்வரை கொண்டுபோய் விடும். மூச்சடக்கி இறங்கியவருக்குத் தன் எல்லை தெரிந்திருந்தது. குழாய் அந்த எல்லையை மறக்கச் செய்கிறது.

ஈட்டி வேட்டையே வேண்டாம் என்று சொல்லும் கடலியல் ஆர்வலர்கள் உண்டு. மன்னார் வளைகுடாவில் 1986-ல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள், 21 தீவுகளைச் சுற்றி, வேட்டைக்குத் தடை இருக்கிறது. இலங்கையிலும் ஈட்டித் துப்பாக்கி மீன்பிடிப்பைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அங்கே ஈட்டி வேட்டையில் பெயரெடுத்த ராட்னி ஜோங்க்ளாஸ்கூடப் பின்னாளில் கடலுயிர்களைக் காக்கத்தான் பேசினார். வலையைப் போலக் கண்டதையும் அள்ளாமல், வேண்டிய ஒரு மீனை மட்டும் எடுக்கிறோம் என்பது வேட்டைக்காரர்களின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் மீனைத்தான் எண்ணுகின்றன. இறங்குகிற மனிதரை எண்ணுவார் இல்லை.

தங்கவயலுக்குத் தெரிந்தது

எங்கள் ஊரில் 1880-ல் நவீனச் சுரங்கம் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரி, சேலம் பக்கங்களிலிருந்தும் வந்த தமிழர்கள் பாறைத் தூளைச் சுவாசித்தார்கள். இருமி இருமி இறந்தவர்களை வெறும் இளைப்பு நோய் என்று ஊர் சொல்லிக்கொண்டது. சிலிகோசிஸ் என்று பெயரிட்டு அதைக் கணக்கில் கொண்டுவர 1940-கள் ஆயிற்று. அறுபது ஆண்டு மூச்சு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. வெட்டி எடுத்த தங்கத்துக்குத் தோலா தோலாகக் கணக்கு இருக்கிறது. தேய்ந்த நுரையீரல்களுக்கு அப்படி ஒரு கணக்கு முழுமையாக எழுதப்படவே இல்லை.

கடலுக்குள் இறங்குகிறவர்கள் விஷயத்தில் அதே பிழை நடக்கிறது. சங்கு குளிப்பவருக்கு முறையான பயிற்சியும் ஆண்டுக்கொரு நுரையீரல், காதுப் பரிசோதனையும் உரிமையாக வேண்டும். கம்ப்ரஸர் காற்றின் தரத்தைச் சோதிக்க வேண்டும். குமிழ் கட்டியவரைக் காப்பாற்றும் உயர் அழுத்த ஆக்சிஜன் அறை, கடற்கரைக் கிராமத்திலிருந்து உரிய நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆழத்தில் வரும் நோய்களை, சுரங்க நோயைப் போலவே, இழப்பீடு கோரத்தக்க தொழில் நோயாக நடைமுறையில் நடத்த வேண்டும்.

கடல் இல்லாத தங்கவயலுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பேத்தமங்கலம் ஏரியில் குதித்து, யார் அதிக நேரம் உள்ளே இருக்கிறார் என்று பந்தயம் கட்டும் பையனுக்கும் உடலியல் ஒன்றுதான். வேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கினால் இடுப்பளவு தண்ணீரிலும் மயக்கம் வரும். நீச்சல் குளங்களிலேயே இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கர்நாடகத்திலும் தமிழகத்திலும் நீச்சல் சொல்லித்தரும் ஒவ்வொரு இடத்திலும் மூன்றே விதிகளை முதல் நாளே சொல்லித்தந்தால் போதும். தனியாக முங்காதே. முங்குமுன் வேகமாக மூச்சிழுக்காதே. வெளியே வந்தவர் பேசும்வரை அவரை விட்டுக் கண்ணை எடுக்காதே. இதற்குச் செலவு எதுவும் இல்லை. நார்வேக் கடலுக்குப் போகக் கனவு காணும் தம்பிக்கும், நாளை விடிந்ததும் திரேஸ்புரத்தில் படகேறப்போகும் அண்ணனுக்கும் இது பொருந்தும். ஆழத்தில் இறங்கியவர்களின் மூச்சுக்குக் கணக்கு வைக்க எங்கள் ஊருக்கு அறுபது ஆண்டு ஆனது. கடலோரம் அத்தனை காலம் காத்திருக்கக் கூடாது.