திறக்க மறுக்கும் கூரை

டிப்பர் லாரி தன் பெட்டியைத் தூக்கிச் சுண்ணாம்புக்கல்லைக் கொட்டுவது ஆலங்குளத்து மாணவர்களுக்குப் புதிதல்ல. பொத்தானை அழுத்தினால் தானே மடங்கும் கார்க் கூரையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் வெயிலில் அதை யார் வாங்குவார்கள்! ஆனால் பெரும்பாலும் இரண்டையும் இயக்குவது அழுத்தப்பட்ட எண்ணெய்தான். மூடிய கலத்தில் உள்ள திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியைப் படித்திருப்பீர்களே, அதுவே இங்கும்.

கூரை நகரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே திருப்புளியைத் தேடாதீர்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் உறுமுகிறதா?

சத்தமே இல்லையென்றால் பழுது மின்சாரப் பக்கம். பேட்டரி தளர்ந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம். சில கார்களில் பின்பெட்டியின் தடுப்புத் திரையைச் சரியாக விரிக்காவிட்டாலே பாதுகாப்புச் சுவிட்சு மின்சாரத்தைத் தடுத்துவிடும். அது பழுதே அல்ல! 1957இல் வந்த ஃபோர்டு ஸ்கைலைனர் காரில் எண்ணெய் இல்லை, மின்மோட்டார்களே கூரையைத் தூக்கின. அதற்கு 600 அடிக்கும் மேல் மின்கம்பி. பழுது பார்த்தவர் பாடு திண்டாட்டம்தான்.

மோட்டார் ஓடியும் கூரை அசையவில்லையா? எண்ணெய் குறைந்திருக்கலாம், அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம். ஊசியில்லாத இரண்டு புதிய சிரிஞ்சுகளைச் சிறு குழாயால் இணைத்து நீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே எழும். கொஞ்சம் காற்றை விட்டுப் பாருங்கள்: காற்று சுருங்கிக்கொடுக்கும், மற்றது தயங்கும்.

எண்ணெய் கசிந்தால் எச்சரிக்கை. பாதி எழுந்த கூரைக்கோ டிப்பர் பெட்டிக்கோ அடியில், முட்டுக்கொடுக்காமல் கையையோ தலையையோ நீட்டக்கூடாது. மேலே உள்ள பாரத்தைத் தாங்குவது அந்த எண்ணெய் மட்டுமே. குழாய் வெடித்தால் பாரம் அப்படியே இறங்கிவிடும்.