ஊவா மலைநாட்டில் நோக்கத்தோடு நடத்தப்பெற்ற வாணிபங்கள்: கமக்காரர் அறியவேண்டிய சில செய்திகள்

பதுளை மாவட்டத்தில் ஒகியாவுக்கும் அப்புத்தளைக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,615 மீற்றர் உயரத்தில், இதல்கஸ்கின்னை என்னும் சிறிய புகையிரத நிலையம் உளது. மலைமுகட்டின் மீது அமைந்த இந்நிலையத்தின் ஒருபுறம் ஊவாப் பள்ளத்தாக்கும், மறுபுறம் தென்திசைத் தாழ்நிலமும் தோன்றும். இதனை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற முயற்சி, தேயிலைக்கு மாத்திரம் உரியதன்று. நெல்லும் மரக்கறியும் செய்கின்ற கமக்காரரும் அதனால் அறியத்தக்கவை பல உள. எனினும், அதே மலைத்தொடரில் அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த வேறொரு முயற்சியை முதலில் நோக்குதல் நன்று.

லிப்டன் கண்ட வழி

ஸ்கொத்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் எளிய குடும்பமொன்றிற் பிறந்த தோமஸ் லிப்டன், 1871இல் அங்கே ஒரு சிறு பலசரக்குக் கடையைத் திறந்தார். 1890இல் அவர் இலங்கைக்கு வந்தபோது பிரித்தானியாவில் அவருக்கு ஏறக்குறைய முந்நூறு கடைகள் இருந்தன. கோப்பிச் செடியை இலைத்துரு நோய் அழித்திருந்தமையால் தோட்டக் காணிகள் மலிவாகக் கிடைத்த காலம் அது. அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னையையும் அயலிலுள்ள வேறு தோட்டங்களையும் அவர் வாங்கினார். புகையிரதம் பண்டாரவளையை அடைந்தது 1894இலும், பதுளையை அடைந்தது 1924இலுமே என்பதை நினைவிற் கொண்டால், அவருடைய துணிவு விளங்கும்.

அக்காலத்தில் தேயிலை, தோட்டக்காரர், முகவர், இலண்டன் ஏலக்காரர், கலப்பவர், மொத்த வியாபாரி எனப் பல கைகள் மாறியே கடைக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்தது. கடையிலோ அது பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்டது; நிறையும் தரமும் கடைக்காரரின் மனச்சான்றையே சார்ந்திருந்தன. லிப்டன் இடைக்கைகளை அகற்றினார். ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் எனப் பொதி செய்து, நிறையை மேலே அச்சிட்டு விற்றார். ஒவ்வோர் ஊரின் தண்ணீரும் வேறுபடுமாகலின், அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற கலவையையும் செய்வித்தார். வாங்குபவரின் அடுப்பங்கரை வரை சென்று எண்ணிப் பார்த்த வியாபாரி அவர் எனலாம்.

தொழிலாளியின் மேசையிலும் நல்ல தேநீர் மலிவாக இருத்தல் வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அது பெரும்பாலும் நிறைவேறிற்று. இலண்டன் ஏழைகளுக்கு மலிவான உணவுச்சாலை அமைப்பதற்கென அவர் 1898இல் ஓர் இலட்சம் பவுண் கொடுத்ததும் வரலாறு. ஆயினும், அத்தேயிலையைக் கொய்த மக்கள் தம்பேதன்னையிலும் பிற தோட்டங்களிலும் லயத்து அறைகளிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். இலண்டன் ஏழைக்கு எட்டிய அந்த நோக்கம், கொழுந்துக் கூடையைச் சுமந்தவர்களை எட்டவில்லை. எந்த வாணிபமும் ஒரு நன்மையைத் தன் நோக்கமாகக் கூறும்போது, அந்நன்மை யாருக்கு என்று கேட்டல் தகும்.

இதல்கஸ்கின்னைத் தோட்டம்

1977இல் நிறுவப்பெற்ற ஸ்டாசன் நிறுவனம், 1987இல் இதல்கஸ்கின்னைத் தோட்டத்தில் செயற்கைப் பசளையும் கிருமிநாசினியும் இன்றித் தேயிலை செய்யத் தொடங்கிற்று. உலகில் இம்முறையிற் சான்று பெற்ற தேயிலைத் தோட்டங்களுள் இது முன்னோடிகளில் ஒன்றாகும். ஐரோப்பாவில் இத்தகைய தேயிலைக்குக் கூடிய விலை கொடுக்க ஆயத்தமான வாங்குவோர் அப்பொழுது உருவாகிக்கொண்டிருந்தனர்.

இங்கே கமக்காரர் கூர்ந்து நோக்கவேண்டிய பகுதி ஒன்று உண்டு. ஐரோப்பிய விதிகளின்படி, நிலத்தை இயற்கை முறைக்கு மாற்றத் தொடங்கிய நாளிலிருந்து, தேயிலை போன்ற நீடித்த பயிருக்கு மூன்று ஆண்டுகளும், நெல், மரக்கறி போன்ற பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும் கழிதல் வேண்டும். அதன் பின்னரே விளைவை இயற்கை விளைபொருள் என்று கூறி விற்கலாம். இந்த இடைக்காலத்தில் விளைச்சல் குறையும், விலையோ ஏறாது. இவ்விரண்டு மூன்று ஆண்டுகளே முயற்சியின் உயிர்நிலை. வேறு வாணிபமும் கைமுதலும் உடைய நிறுவனம் அதனைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு பரப்பு நிலத்தில் போஞ்சி நட்டு, அடுத்த மாதம் பிள்ளையின் பள்ளிச் செலவுக்குப் பணம் எதிர்பார்க்கும் குடும்பம் எவ்வாறு தாங்கும்?

பசளைக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். 50 கிலோகிராம் யூரியா மூடையொன்றில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோகிராம் உளது. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று முதல் இரண்டு வீதமேயாகும். ஒன்றரை வீதம் எனக் கொண்டால், அந்த ஒரு மூடைக்கு ஈடாக ஏறக்குறைய 1,500 கிலோகிராம் கூட்டெரு தேவை. அதிலும் முதற் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. எஞ்சியது மண்ணில் தங்கிப் பிந்திய போகங்களுக்கு உதவும். ஆகவே மாட்டுச் சாணம், வைக்கோல், கிளிரிசிடியாத் தழை, முள்முருக்கந்தழை ஆகியவற்றை ஆண்டுதோறும் சேர்த்து வைத்தவரே படிப்படியாகச் செயற்கைப் பசளையைக் குறைத்தல் கூடும். ஒரே நாளிற் குறைத்தல் எவருக்கும் இயலாது.

இவ்வுண்மையை இலங்கை முழுவதும் பெரும் விலை கொடுத்து அறிந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. தடை நீங்கியபோது பெரும்போகப் பயிர் பல இடங்களில் வயலில் நின்றது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. அரிசி இறக்குமதி செய்யவேண்டியதாயிற்று. தேயிலை உற்பத்தி 2021இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோகிராமாக இருந்து, 2022இல் 251 மில்லியன் அளவுக்கு இறங்கிற்று. நஞ்சற்ற உணவு என்னும் நோக்கம் நல்லதே. அதே நோக்கத்தை இதல்கஸ்கின்னை ஆண்டுக்கணக்கில், வாங்குவோரை முன்னே தேடிக்கொண்டு, மண்ணை ஆயத்தப்படுத்தி நிறைவேற்றிற்று. நாட்டிலோ அது ஒரு வர்த்தமானி அறிவித்தலால் நிறைவேற்றப்பட முயலப்பட்டது.

கூடிய விலையில் வேலை செய்வோர்க்கும் பங்கு உண்டா என்ற வினாவுக்கு நியாய வாணிப முறை ஒரு விடை தருகின்றது. இம்முறையில் வாங்குவோர் விலைக்கு மேலதிகமாக ஒரு தொகையைத் தனியே செலுத்துவர். தோட்டமாயின், அத்தொகையை எதற்குச் செலவிடுவது என்பதைத் தொழிலாளர் தெரிந்தெடுத்த குழுவே தீர்மானித்தல் வேண்டும் என்பது விதி. சிறு கமக்காரர் சங்கமாயின் அங்கத்தவர் கூட்டம் தீர்மானிக்கும். லிப்டன் காலத்து நோக்கத்தில் இல்லாதிருந்த ஒன்று இதில் இடம்பெற்றுள்ளது.

மூடையிற் கரையும் விளைச்சல்

வெலிமடை, ஊவா பரணகமை, பண்டாரவளைப் பகுதிகளில் பெரும்போகத்தில் நெல்லும், சிறுபோகத்தில் அதே வயலில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் செய்தல் வழக்கம். விளைந்தது கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கோ, அங்கிருந்து கொழும்புப் பக்கத்துக்கோ லொறியிற் செல்லும். இலங்கையில் மரக்கறியும் பழமும் அறுவடைக்குப் பின் முப்பது முதல் நாற்பது வீதம் வரை வீணாகின்றன என்று மதிப்பிடப்படுகின்றது. பொலிசாக்கு மூடையில் அடைத்து, மூடைமேல் மூடையாக ஏற்றி, அதன்மேல் ஆளும் ஏறி நிற்பதே இதற்குப் பெருங்காரணம். 100 கிலோகிராம் தக்காளியில் 30 அழியின், எஞ்சிய 70 கிலோகிராமே நூற்றின் செலவையும் சுமக்கவேண்டும். கிலோவொன்றின் அடக்கச் செலவு ஏறக்குறைய 43 வீதம் ஏறிவிடுகின்றது. தரகரைக் குறைகூறுவோர் பலர். மூடையைக் குறைகூறுவோர் சிலரே.

1999இல் கார்கில்ஸ் நிறுவனம் அங்குராங்கெத்தையிற் சேகரிப்பு நிலையம் அமைத்துக் கமக்காரரிடம் நேரே மரக்கறி வாங்கத் தொடங்கிற்று. பிற்காலத்தில் இம்முறை வேறு மாவட்டங்களுக்கும் பரவிற்று. விலை முன்கூட்டியே அறிவிக்கப்படுதல், கண்முன்னே நிறுத்தல், பிளாஸ்டிக் கூடையில் ஏற்றுதல் ஆகியவை இதன் நன்மைகள். குறையும் உண்டு. இத்தகைய நிலையங்கள் தெரிந்தெடுத்த தரத்தையே, தமக்கு வேண்டிய அளவே வாங்கும். தள்ளப்பட்டதைக் கமக்காரர் வேறு சந்தைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். ஆதலின் ஒரே வாங்குவோரை நம்பி முழு நிலத்தையும் ஒரே பயிருக்கு ஒதுக்குதல் அறிவுடைமையன்று.

ஆனந்தும் பம்பாயும்

வாங்குவோர் வருவாரென்று காத்திராமல், விளைவிப்போரே வாணிபத்தை ஏற்றதற்குக் குஜராத்திலுள்ள ஆனந்த் சான்றாகும். அங்கே பாற்காரர்கள் தங்களுக்கு நியாய விலை கொடாத தனியார் பாற்சாலைக்கு 1946இல் பதினைந்து நாள் பால் கொடாது நின்றனர். திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் அவ்வாண்டே தமது கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தனர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 லீற்றர் பாலோடு தொடங்கிய அச்சங்கமே பின்னர் அமுல் எனப் பெயர் பெற்றது. 1949இல் ஆனந்துக்கு வந்த பொறியியலாளர் வர்கீஸ் குரியன் அதனை வளர்த்தார். சங்கத்தின் வலிமைக்கு அடிப்படை மிகவும் எளியது: காலையும் மாலையும் ஒவ்வொருவருடைய பாலும் அவர் முன்னிலையில் அளக்கப்பட்டது, கொழுப்புச் சத்துச் சோதிக்கப்பட்டது, பணம் தாமதமின்றிக் கிடைத்தது. சாதியும் செல்வமும் பாராது, வந்த வரிசையிலேயே அனைவரும் நின்றனர்.

பம்பாயில் 1959இல் ஏழு பெண்கள் 80 ரூபா கடன் பெற்று அப்பளம் இடத் தொடங்கினர். லிஜ்ஜத் என்பது அதன் பெயர். முதலில் உயர்ந்த தரம் ஒன்றும் மலிவான தரம் ஒன்றும் செய்தனர். அவர்களுக்கு வழிகாட்டியாயிருந்த ஒரு பெரியவர், தரத்தில் ஒருபோதும் தளராது ஒரே தரம் செய்யுமாறு கூற, அவ்வாறே செய்தனர். நன்கொடை பெறுவதில்லை என்பதும் அவர்கள் தொடக்கத்திலேயே செய்துகொண்ட தீர்மானம். வேலை செய்யும் பெண்களே உரிமையாளராயும் இருந்தனர். மூடையின் மேற்பகுதியில் நல்ல போஞ்சியையும் அடியில் முற்றியதையும் வைக்கும் வழக்கமுள்ள இடங்களில் இச்செய்தி சற்று உரக்கவே கூறப்படல் வேண்டும்.

சிறு குழுவாகத் தொடங்குதல்

ஊவாவில் இத்தகைய முயற்சியைப் பெரிதாகத் தொடங்கவேண்டியதில்லை. அயலிலுள்ள பத்துப் பதினைந்து குடும்பங்கள், வயலுடையோரும் தோட்டத்து லயங்களின் அருகே மரக்கறி செய்வோரும், ஒரே பயிரைத் தெரிந்துகொண்டு ஒரு போகம் சேர்ந்து விற்றுப் பார்க்கலாம். நிறுவை ஒன்று, கணக்குப் புத்தகம் ஒன்று, கூடைகள் சில போதும். கூட்டத்தின் முதல் நாளிலேயே குழுவின் நோக்கத்தை எழுதிக்கொள்ளுதல் நன்று: கூடிய விலையா, வீணாவதைக் குறைத்தலா, நஞ்சு குறைந்த மரக்கறியா? மூன்றையும் ஒரே போகத்தில் நாடுவோர் பெரும்பாலும் ஒன்றையும் அடையார். வீணாவதைக் குறைத்தல் எளிதிற் கைகூடும், செலவும் சிறிது.

தக்காளியை முழுதும் பழுக்கவிடாது, நிறம் மாறத் தொடங்கும் பருவத்திற் பறித்தல் வேண்டும். கோவாவின் புற இலைகள் இரண்டு மூன்றை நீக்காது விடின் உள்ளிலை நசியாது. பறித்தவற்றை வெயிலில் வையாது, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தல் வேண்டும். கூடையை விளிம்புக்குமேல் நிரப்பின், மேற்கூடையின் பாரம் காய்கள்மீதே இறங்கும்.

பசளைச் செலவைக் குறைக்க விரும்புவோர் முதலில் மண்ணைச் சோதிப்பித்தல் வேண்டும். நிலத்தை உழுவதற்கும் பசளை இடுவதற்கும் முன்னரே, வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து இடங்களில், 15 சென்றிமீற்றர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரைக் கிலோகிராமைச் சுத்தமான பொலித்தீன் பையில் இட்டு, பயிரின் பெயரையும் எழுதி ஒப்படைத்தல் வேண்டும். பசளை மூடை இருந்த பையைப் பயன்படுத்தலாகாது. மேலதிக விபரங்களைப் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடமும், கமநல சேவை நிலையத்திலும், 1920 என்னும் விவசாயத் தொலைபேசிச் சேவையிலும் கேட்டறியலாம்.